டீச்சரம்மாவின் சறுக்கு

அக்கரப்பத்தனைப் பக்கமிருந்து ஹட்டனுக்குப் போகும் காலை பஸ், எங்கள் சந்தியில் ஏற ஆள் இல்லாத நாளிலும் நிற்கும். முன்கதவு திறக்கும். கண்டக்டர் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு சாய்தளத்தின் மேல்முனையைப் பார்ப்பான். பிறகு மணியடிக்காமல் பஸ்ஸின் தகட்டைக் கையால் மெதுவாகத் தட்டுவான். பஸ் நகரும். என் வீட்டு ஜன்னலிலிருந்து இதைப் பல மாதங்கள் பார்த்திருக்கிறேன். தனியார் பஸ் ஒன்று ஆளில்லாத இடத்தில் நிற்பது இந்த மாகாணத்துக்குப் புதிது. ஆள் இருக்கும் இடத்திலேயே அது நிற்பது அபூர்வம்.

சாய்தளம் என்பது கோப்புகளில் உள்ள சொல். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஆட்களுக்கு அது சறுக்கு. டீச்சரம்மாவின் சறுக்கு. டீச்சரம்மா என் மனைவி.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். பிரதேச செயலகத்துக்கு எழுதுவினைஞனாக வந்து, நிர்வாக உத்தியோகத்தனாக ஓய்வு பெற்றவன். மலைக்கு நியமனம் கிடைத்து வருகிற எங்கள் பக்கத்து ஆட்கள், கம்பளி வாங்குவதற்கு முன்பே இடமாற்றத்துக்கு விண்ணப்பித்துவிடுவார்கள். நானும் விண்ணப்பித்தேன். பதில் வருவதற்குள், திம்புள்ளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்த ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டேன். இடமாற்றம் வந்தபோது அதை எப்படி இரத்துச் செய்விப்பது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அவள் அந்தத் தோட்டத்து லயத்திலேயே பிறந்து, அந்தப் பாடசாலையிலேயே படித்து, அங்கேயே படிப்பித்தவள். இந்தப் பக்கத்தில் கொழுந்து பறிப்பவர், பஸ் ஓட்டுபவர், சுவர் கட்டுபவர் என்று யாரை எடுத்தாலும் அவளிடம் காது திருகு வாங்கியவராக இருப்பார்.

நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற பிறகு அவளுக்குப் பாரிசவாதம் வந்தது. காலைத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவளுக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. எங்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்கு மேலேயுள்ள மண்மேடு வரை ஒற்றையடிப் பாதை. அங்கிருந்து ரோட்டுக்கு, வெள்ளைத் துரைமார் காலத்துக் கருங்கல் படிகள். கடைசிப் படிக்கும் ரோட்டுக்கும் நடுவே மழைத்தண்ணீர் ஓடும் கான். வாகனம் எதுவும் மேலே வராது. அன்று லயத்து ஆட்கள் நாலு பேர் அவளைக் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு அந்தப் படிகளில் இறங்கினார்கள். ஆஸ்பத்திரியில் பேச்சும் சிரிப்பும் திரும்பின. கால் திரும்பவில்லை. சக்கர நாற்காலியோடு வீட்டுக்கு வந்தாள்.

வட்டவளையில் அவளுடைய தங்கை இருந்தாள். இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடந்தாள். இவளால் அங்கே போகமுடியாது, அவளால் இங்கே வரமுடியாது. இரண்டு பேரும் தொலைபேசியில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஆட்களைக் கூப்பிட்டுத் தூக்கி இறக்கி, ஓட்டோ பிடித்துக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னேன்.

“வேணாங்க,” என்றாள். “நாலு பேர் தூக்குனது ஒருதரம் போதும். அடுத்த தடவ தூக்குறப்ப எனக்குத் தெரியக் கூடாது.”

“அப்ப எப்படிப் போறது?”

“பஸ்ஸுலதான். நான் டிக்கட் எடுத்து, உக்காந்து போகணும். ஒங்களுக்குத்தான் எல்லாச் சட்டமும் தெரியுமே. எறங்குறதுக்கு ஒரு வழி போட்டுக் குடுங்க.”

மாற்றுத் திறனாளிகள் பொதுப் போக்குவரத்துத் தரிப்பிடத்தை அடைய வசதி செய்யவேண்டும் என்று சட்டமும் சுற்றறிக்கைகளும் இருக்கின்றன. சிலவற்றை நானே மொழிபெயர்த்திருக்கிறேன். நல்ல சுற்றறிக்கைகள். அவற்றின் ஒரே குறை, தரிப்பிடம் யாருடையது என்று அவை சொல்லாததுதான். எங்கள் சந்தியில் ரோடு மாகாணத்துடையது, கான் பிரதேச சபையுடையது, மண்மேடு தோட்டக் கம்பெனியுடையது. ரோட்டுக்காரர் சபையின் சம்மதம் வரட்டும் என்றார்கள். சபை, கம்பெனி ஆட்சேபிக்காது என்று எழுதித் தரட்டும் என்றது. கம்பெனிக்கு ரோட்டுக்காரரின் வரைபடம் வேண்டியிருந்தது. நான் மூன்று இடத்துக்கும் எழுதி, ஒவ்வொன்றின் பிரதியையும் மற்ற இரண்டுக்கும் அனுப்பினேன். பொய் ஒன்றும் எழுதவில்லை. பிரதியைப் பார்த்த ஒவ்வொருவரும் மற்ற இருவரும் உடன்பட்டுவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டார்கள். அரசாங்கத்தில் சம்மதம் பெரும்பாலும் இப்படித்தான் உண்டாகிறது.

“ஒங்க ஆபீஸ் ஆளுங்க வந்து சேர்றதுக்குள்ள நான் பறக்கக் கத்துக்கிருவேன்,” என்பாள் அவள்.

வந்தார்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் செங்குத்தாக ஒன்றைப் போட்டுவிட்டுப் போகப் பார்த்தார். ஓர் அடி இறங்குவதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்று நான் விதியைக் காட்டினேன்.

“சேர், இந்த மேட்டுக்கு அப்படிப் போட்டா சறுக்கு தலவாக்கலையிலதான் போய் முடியும்.”

“மடிச்சுப் போடுங்கோ,” என்றேன். “திருப்பத்திலை ஒரு சமதளம் வேணும். ரெண்டு பக்கமும் கைபிடி.”

அப்படியே மடித்துப் போட்டார்கள். சக்கர நாற்காலியின் சில்லு வழுக்காமலிருக்கச் சீமெந்தில் குறுக்கே வரி இழுத்தார்கள். கானை மூடி ரோட்டோரத்தில் உயரமான மேடை கட்டினார்கள். கருங்கல் படிகள் பக்கத்தில் அப்படியே இருந்தன. அவள் ஜன்னலருகே நாற்காலியில் இருந்து மேசனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் அவளிடம் படித்தவன். வரி கோணலாகப் போனால் அங்கிருந்தே சத்தம் போடுவாள்.

மேல்முனைக்குச் சீமெந்து போடத் தொடங்கிய கிழமையில், ஒரு மத்தியானம், ஜன்னலைப் பார்த்தபடியே இறந்துபோனாள்.

எடுத்துக்கொண்டு போனபோது நான் முன்னால் நடந்தேன். சறுக்கின் தொடக்கத்தில் குறுக்கே பலகை போட்டிருந்தது. மேசன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“ஐயா, ஈரமா இருக்குங்க,” என்றான்.

கருங்கல் படியால் இறங்கினோம். நாலு பேர் தூக்கினார்கள். அவளுக்குத் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

இனி நடந்ததற்கு, எங்கள் இரண்டு பக்கத்து வழக்கங்களையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. ஐயர் வருவார், நீர்க்கரையில் கிரியை நடக்கும், அதோடு சீவன் போய்விட்டதாகக் கணக்கு. இங்கே பதினாறாம் நாள் கருமாதி. ஒரு கல்லை ஊன்றி அதையே இறந்தவராக எண்ணிப் படையல் போடுவார்கள். பிறகு வீட்டு ஆம்பிளை அந்தக் கல்லை எடுத்துப்போய் ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். அதுவரை அவர் போகவில்லை.

பதினாறாம் நாள் லயத்துப் பெண்கள் ரொட்டியும் கட்டச் சம்பலும் சாயத் தண்ணியும் கொண்டுவந்தார்கள். எல்லாம் அவளுக்குப் பிடித்தவை.

“அம்மா சறுக்கு எப்ப முடியும்னு பாத்துக்கிட்டே இருந்தவங்க,” என்றாள் அவர்களில் மூத்தவள். “அங்கனயே வச்சுக் கும்புடறோங்க ஐயா.”

“வையுங்கோ,” என்றேன். “ஆனா எங்கட முறை முப்பத்தொண்டு.”

அவர்கள் தலையாட்டினார்கள். ஐயா முப்பத்தோராம் நாள் கல்லை அனுப்பிவைப்பார் என்று அவர்கள் விளங்கிக்கொண்டார்கள். அவர்கள் தங்கள் சடங்கைத் தாங்களே முடித்துக்கொள்வார்கள் என்று நான் விளங்கிக்கொண்டேன். இரு தரப்பும் பூரண திருப்தியோடு கலைந்தோம். எனக்குப் பழக்கமான கூட்டங்கள் எல்லாம் அப்படித்தான் முடிந்திருக்கின்றன.

சறுக்கருகே கல்லை ஊன்ற இளகிய மண் கிடைக்கவில்லை. சறுக்கின் மேல்முனையில், அன்று காலை பூசிய மூலை இன்னும் இறுகாமல் இருந்தது. அதிலே ஊன்றினார்கள். மேசன் கரண்டியைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தோராம் நாள் நான் ஐயரோடு ஆற்றுக்குப் போய், எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வீட்டுக்கு வந்து முழுகினேன். லயத்து ஆட்கள் சிலர் பாதையில் நின்றிருந்தார்கள். துக்கம் விசாரிக்க நிற்கிறார்கள் என்று நினைத்துக் கும்பிட்டேன். கல்லை எடுக்க வருவேன் என்று அவர்கள் பொழுது சாயும் வரை நின்றதாகப் பிறகு அறிந்தேன்.

ஆக, ஒரு முறைப்படி அவள் போய்விட்டாள். மற்ற முறைப்படி பஸ்ஸுக்கு நின்றாள்.

வேலை முடிந்ததற்கு அத்தாட்சியாக ஒப்பந்தக்காரர் வெறுஞ் சறுக்கைப் படம் எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு அதில் ஒருவரும் கால் வைக்கவில்லை. தலையில் விறகோடு வருகிறவர்கள், வயிற்றில் பிள்ளையோடு வருகிறவர்கள் எல்லாரும் படியால்தான் இறங்கினார்கள். நாய்கள் மட்டும் அதில் ஏறிப்போய் வெயில் காய்ந்தன. அவற்றுக்கு அவள் படிப்பித்ததில்லை.

எனக்கு முதலில் இதெல்லாம் கண்ணில் படவில்லை. நான் கேட்டது சத்தத்தை. வரி போட்ட சீமெந்தில் சில்லு போனால் ஒரு கிரகிரப்பு உண்டாகும். விடிகிற நேரத்தில், மேகம் கீழே இறங்கி ரோடு தெரியாமல் இருக்கும்போது, அது கேட்கும். மேலிருந்து திருப்பம் வரைக்கும் கேட்கும். அங்கே நிற்கும். வரிகளில் மழைத் தண்ணீர் வழிகிற சத்தம் என்று முடிவு செய்தேன். பனிக்காலத்து வறண்ட காலைகளிலும் கேட்டது. அதற்கு நான் ஒரு முடிவும் செய்யவில்லை.

அவளுடைய நாற்காலி ஜன்னலருகே இருந்தது. இரவில் ஜன்னலைப் பார்த்து வைத்தால் காலையில் கதவைப் பார்த்து நின்றது. எங்கள் வீட்டு நிலம் சற்றே சாய்வானது. பிரேக்கைப் போட்டு வைத்தேன். காலையில் பிரேக் விடுபட்டிருந்தது. பழைய நாற்காலி, ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். பிறகு பிரேக் போடுவதை விட்டுவிட்டேன். அவளுக்கு அது எப்போதுமே பிடிக்காது.

லயத்தில் ஒரு பெண் இருந்தாள், முப்பது வயதுக்குள். மண் சரிந்து லயத்தின் பின்சுவர் விழுந்தபோது அவளுக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போய்விட்டது. மலையில் ஏறிக் கொழுந்து பறிக்க இனி முடியாது. ஹட்டனில் ஒரு துணிக்கடையில் இருந்தபடியே பில் போடும் வேலை கிடைத்திருந்தது. இரண்டு ஊன்றுகோல்களோடு காலை பஸ்ஸுக்கு வருவாள். ஊன்றுகோல்களை முன்னால் எறிந்துவிட்டு, படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவாள். மழை நாளில் பாவாடை முழுதும் சேறு. சறுக்கைத் தாங்கக் கட்டிய மதில் அந்தப் படிகளை ரோட்டிலிருந்து மறைத்தது. அவள் இறங்கிக்கொண்டிருப்பது பஸ்ஸில் இருப்பவர்களுக்குத் தெரியாது. பஸ் என் மனைவிக்காக நிற்கும். மூச்சு வாங்கிக்கொண்டு இவள் கீழ்ப்படிக்கு வருவதற்குள் போய்விடும். ஊனமுற்றோருக்காக நான் போராடிக் கட்டுவித்த வசதியால் விளைந்த ஒரே பயன் அதுதான்.

ஒரு காலை கீழே போய்ப் பார்த்தேன். மேடையில் உட்கார்ந்து பாவாடை நுனியைப் பிழிந்துகொண்டிருந்தாள். பஸ் போய்விட்டிருந்தது.

“ஏன் பிள்ளை, சாய்தளத்தாலை வரலாமே?”

“அது டீச்சரம்மாவோடதுங்க.”

“அது ஒருத்தற்றையும் இல்லை. பொதுச் சொத்து. உம்மைப் போல ஆக்களுக்குத்தான் கட்டினது.”

“டீச்சருக்குக் கட்டுனதுங்க ஐயா. அவங்க நிக்கிற எடத்துல நான் எப்புடிங்க கட்டைய ஊண்டிக்கிட்டுப் போறது? வகுப்புல அவங்க நாக்காலியத் தொட்டதுக்கே முட்டி போட வச்சாங்க.”

“அவ செத்துப்போனா.”

“தெரியுங்க. நானும் வந்து அழுதேன்.” அவள் என்னைப் பார்த்தாள். “நீங்கதான் இன்னும் அனுப்பி வைக்கலயே.”

அப்போதுதான் கல்லைப் பற்றி முழுதும் கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல, பாதையில் நின்றவர்களை நான் கும்பிட்டதும் அவர்கள் முகங்கள் இருந்த விதமும் நினைவுக்கு வந்தன.

“இது சபையின்ரை சொத்து பிள்ளை,” என்றேன் கடைசியாக.

“சபை பகல்ல இருக்குங்க. நான் விடியக்காலையில போறவ.” ஊன்றுகோலை எடுத்து அக்குளில் செருகினாள். “இன்னொரு தடவ லேட்டா வந்தா வராதேன்னுட்டாரு மொதலாளி. கடையிலயும் வேலை இல்ல, மலையிலயும் வேலை இல்லன்னா அம்மா என்னத்தப் பண்ணுவா? அவ நாள் கூலிக்குப் பேரு போட்டு உழைக்கிறது எனக்குஞ் சேத்துத்தான்.”

அவளுடைய தாய் எங்கள் வயதுக்காரி, இன்னும் மலைக்குப் போகிறவள்.

மேசனைக் கூப்பிட்டேன். பொதுச் சொத்தில் ஒரு பகுதியை உடைக்க யாரிடம் என்ன அனுமதி எடுக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியும். எடுத்தும் விட்டேன். மேசன் கல்லுக்கு முன்னால் குந்தியிருந்து, விரலால் சுற்றித் தடவிப் பார்த்தான்.

“முழுசா வராதுங்க ஐயா. சீமெந்து கவ்விப்புடுச்சு. தட்டுனா ரெண்டாப் போகும்.”

“போகட்டும்.”

“போகட்டுமா?” எழுந்து நின்றான். “டீச்சரம்மாவ ரெண்டா ஒடச்ச பய இவன்தான்னு என் புள்ளைங்க காலம் வரைக்கும் பேசுவாங்க. வேற யாரையாச்சும் பாருங்க. யாரும் வரமாட்டான், சொல்லிப்புட்டேன்.”

அனுமதி என் மேசையில் இருந்தது. சுத்தியல் பிடிக்க ஆள் இல்லை. நானே உடைத்திருக்கலாம். வீட்டில் சுத்தியல் இருந்தது. ஒரு நாள் எடுத்துக்கொண்டு மேல்முனை வரை போனேன். கல்லின் தலையில் யாரோ மஞ்சள் பூசி, ஒரு செவ்வந்தி வைத்திருந்தார்கள். சிறிய கல், ஆற்றில் தேய்ந்து வழவழப்பானது. அவளுடைய நெற்றி அப்படித்தான் இருக்கும். திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த கிழமை அந்தப் பெண் படியில் விழுந்தாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது. மறுநாள் துணி சுற்றிய கையோடு மண்மேட்டில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊன்றுகோலை அந்தக் கையால் பிடிக்க முடியவில்லை. பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. தகட்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பஸ் போனது. நான் அவள் பக்கத்தில் நின்றிருந்தேன்.

“கடைக்குப் போன் பண்ணிச் சொன்னேங்க,” என்றாள். “நாளைக்கு ஒருநாள் பாப்பாராம். அதுக்கப்புறம் வேற புள்ளையப் போட்ருவாராம்.”

“நாளைக்கு நான் கையைப் பிடிச்சு இறக்கிவிடுறன்.”

“நாளைக்கு எறக்குவீங்க. நாளாண்ணைக்கு?” அவள் குரல் உயரவில்லை. “கல்ல ஒடைக்க முடியாது, சரி. டீச்சரையாச்சும் ஏத்தி அனுப்புங்களேன். தெனம் பஸ்ஸு வந்து வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது. ஊருக்கெல்லாம் எழுதுறீங்கள்ல, அவங்களுக்கும் ஒரு கடிதாசி எழுதிக் குடுங்க. ஏறிப் போகச் சொல்லுங்க.”

கோபத்தில் சொன்னது. சொன்ன பிறகு அவளுக்கே சங்கடமாகி, “மன்னிச்சுக்குங்க ஐயா,” என்றாள். நான் வீட்டுக்குப் போய் நாற்காலியைத் துடைக்கத் தொடங்கினேன்.

மறுநாள் விடியும்போது நாற்காலியைப் பாதையில் உருட்டிக்கொண்டு வந்தேன். மடிக்கவில்லை. அவளுடைய சால்வையை முதுகில் போட்டிருந்தேன். குளிர் அப்படி. வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் கூடைகளோடு நின்றுவிட்டார்கள். ஒருத்தி மட்டும் தலையிலிருந்த சாக்கை எடுத்துவிட்டாள். அந்தப் பெண்ணைத் தாய் முன்பே கைபிடித்துப் படியால் இறக்கி மேடையில் விட்டிருந்தாள்.

கல்லுக்குப் பக்கத்தால் நாற்காலியைச் சறுக்கில் இறக்கினேன். கிரகிரப்பு எழுந்தது. இத்தனை மாதமாக விடியலில் நான் கேட்டது அதுதான், அதே சத்தம், அதே வேகம். நாற்காலி முன்னால் இழுத்தது. ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவில் எந்தச் சில்லும் இழுக்கும். திருப்பத்தில் சமதளம் வந்தது. அங்கேயும் இழுத்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். “மெதுவாய்,” என்று சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

பஸ் மேகத்துக்குள்ளிருந்து வந்து நின்றது. கதவு திறந்தது. கண்டக்டர் நாற்காலியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவனுக்கும் எழுத்தறிவித்தவள் அவள்தான்.

“வட்டவளைக்கு,” என்றேன். “ஹட்டன் வரைக்கும் இதிலை.”

அவன் டிக்கட் புத்தகத்தை எடுத்தான். முகத்தில் கேலியில்லை.

“லக்கேஜா ஆளாங்க ஐயா?”

இரண்டுக்கும் விதி உண்டு. அரச சேவையில் இருந்த காலம் முழுதும், கேள்விக்குச் சரியான பிரிவில் பதில் சொல்வதையே தொழிலாகச் செய்தவன் நான்.

“ஆள்,” என்றேன்.

பஸ்ஸின் படி எங்கள் மேடையைவிட இன்னும் உயரத்தில் இருந்தது. அதைச் சரிசெய்ய வேண்டியது வேறொரு அமைச்சு. டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். அவனும் கண்டக்டரும் இரண்டு பக்கமும் பிடித்து, சாய்க்காமல், நேராகத் தூக்கி உள்ளே வைத்தார்கள். பிறகு அந்தப் பெண்ணை ஏற்றினார்கள். முன்சீட்டில் இருந்தவர்கள் எழுந்து பின்னால் போனார்கள்.

கொட்டகலையில் ஏறிய ஒரு பெண், நெரிசலில், தன் பையை நாற்காலியில் வைத்தாள். பஸ்ஸில் இருந்த எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

“அக்கா, ஆளிருக்கு,” என்றான் கண்டக்டர்.

அவள் நாற்காலியைப் பார்த்தாள். சால்வையைப் பார்த்தாள். பையை எடுத்து மடியோடு அணைத்துக்கொண்டு, ஹட்டன் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள்.

ஹட்டனில் அந்தப் பெண் இறங்கும்போது நாற்காலியின் கையைத் தொட்டாள். கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது.

“போயிட்டு வாங்க டீச்சர்,” என்றாள். உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள். “போங்க டீச்சர்,” என்று திருத்தினாள்.

அங்கிருந்து கொழும்பு பஸ். அதன் கண்டக்டர் சிங்களவர், அவசரக்காரர். என்னை ஒன்றும் கேட்காமல் நாற்காலியை மடித்துப் பின்பெட்டிக்குள் தள்ளி மூடிவிட்டார். அந்தப் பஸ்ஸில் அது லக்கேஜ்தான். வட்டவளை வரை, பின்னால் இருட்டுக்குள் அவள் எப்படி இருக்கிறாளோ என்ற நினைப்போடு இருந்தேன். இறங்கியதும் முதல் வேலையாக அதை விரித்து, சால்வையை உதறிப் போட்டேன்.

தங்கையின் கட்டில் ரோட்டைப் பார்த்த ஜன்னலோரம் இருந்தது. நான் வருவதாகச் சொல்லியிருக்கவில்லை. நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டு, நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை.

“ஏண்டி,” என்றாள் நாற்காலியிடம், “இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?”

தங்கையின் மருமகள் கொண்டுவந்த தேத்தண்ணீரைக் குடித்தேன். நாற்காலி இங்கேயே இருக்கட்டும் என்றேன். மருமகள் மாமியைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். நான் எழுந்து, கட்டிலுக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்து நடந்தேன். பின்னால் தங்கையின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. யாருடைய பல்லோ விழுந்ததையும் யாருடைய மகளோ ஓடிப்போனதையும் பற்றிச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் நடுவே நிறுத்தினாள். மற்றவர் பதில் சொல்லி முடிக்கும்வரை பொறுப்பதுபோல அந்த இடைவெளிகள் இருந்தன. ஓர் இடைவெளிக்குப் பிறகு சிரித்தாள். திரும்பிப் பார்க்காமல் ரோட்டுக்கு வந்தேன்.

பின்னேர பஸ்ஸில் ஹட்டனிலிருந்து வந்தபோது அந்தப் பெண்ணும் ஏறினாள். எங்கள் சந்தியில் கண்டக்டர் எங்களை இறக்கிவிட்டு மணியடித்தான். பஸ் போய்விட்டது. மேடையில் நாங்கள் இரண்டு பேர்.

“எறங்கிட்டாங்களா?” என்று கேட்டாள்.

“இறங்கிட்டா.”

“திரும்பிப் பாத்தீங்களா?”

“இல்லை.”

அவள் சறுக்கைப் பார்த்தாள். நல்ல கையில் ஒற்றை ஊன்றுகோல். அதை முதல் வரியில் வைத்து, பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தாள். வழுக்கவில்லை. துணி சுற்றிய கையைக் கைபிடிமேல் சாய்த்துக்கொண்டு இன்னோர் அடி வைத்தாள். திருப்பம் வரை நிற்காமல் ஏறினாள். அங்கே நின்று, மூச்சு வாங்காமல், கீழே பார்த்தாள்.

“வாங்கய்யா,” என்றாள். “ஒண்ணுமில்ல. வெறும் சீமெந்துதான்.”

நான் கைபிடியில் கை வைத்தேன். குளிர்ந்திருந்தது. மேகம் ரோட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. சறுக்கில் ஒரு சத்தமும் இல்லை.

“நீர் போம் பிள்ளை,” என்றேன்.

அவளுடைய ஊன்றுகோல் வரிகளைத் தாண்டித் தாண்டி மேலே போவது கேட்டது. நான் மதிலைச் சுற்றிக்கொண்டு போய், கருங்கல் படியால் ஏறினேன்.